எல்லார் முன்னாலும் அளந்து, விடையை நமக்கு மட்டும் வைத்துக்கொள்வது எப்படி?

பெங்களூரு சி.வி. ராமன் நகரில் ரேடார் வடிவமைக்கும் அரசு ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. எல்.ஆர்.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ரேடார் செய்யும் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது. எதிரே இருக்கும் பொருளில் பட்டு அது திரும்பி வருவதைக் கேட்டு, தூரத்தையும் வேகத்தையும் கணக்குப் போடுகிறது. அந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்த ராமன் 1928-இல் செய்த சோதனையும் ஏறக்குறைய இதே அமைப்புதான். திரவத்துக்குள் ஒளியை அனுப்பி, சிதறி வெளியே வரும் ஒளியில் நிறம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தார். இன்றைக்கு மருந்து ஆலைகளில் ஒரு பொடி என்ன பொடி என்று கண்டுபிடிக்க ராமன் நிறமாலைக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஒளியை அனுப்பு, வருவதைப் படி, அவ்வளவுதான்.

எந்த அளவீட்டை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு கேள்வி பதில்தான். நாம் ஒரு அலையோ, ஒளியோ, எடைக்கல்லோ கொண்டு கேள்வி கேட்கிறோம். பொருள் தன் இயல்புப்படி பதில் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால் இந்த உரையாடல் வெட்டவெளியில் நடக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் ஆன்டெனா வைத்துக்கொண்டு, நாம் அனுப்பிய அலையையும் திரும்பி வந்த அலையையும் பதிவு செய்தால், நமக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்துவிடும்.

குறியாக்கம் செய்தால் போயிற்று என்று தோன்றலாம். அளந்து முடித்த பிறகு அந்த எண்களை வேண்டுமானால் பூட்டி வைக்கலாம். வாட்ஸாப் செய்தி பூட்டப்பட்டுப் போவது போலத்தான் அதுவும். ஆனால் கருவிக்கும் பொருளுக்கும் நடுவில் பூட்டு கிடையாது. மலையிடம் போய், "எதிரொலியைக் குறியாக்கம் செய்து அனுப்பு" என்று சொல்ல முடியுமா? அதற்குச் சாவி கொடுக்க முடியாது, கணக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்வது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

சரி, அப்படியென்றால் கேள்வியைத் தந்திரமாகத் தேர்ந்தெடுத்தால்? கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும், ஆனாலும் வேடிக்கை பார்ப்பவருக்குப் பொருளைப் பற்றி ஒன்றும் புரியாது. கேள்வியை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்ற ரகசியம் தெரிந்த நமக்கு மட்டும் எல்லாம் விளங்கும். இப்படி ஒன்று சாத்தியமா என்ற கேள்வியை 2019-இல் குறியாக்க ஆய்வாளர்களின் கிரிப்டோ மாநாட்டில் யுவல் இஷாய், எயல் குஷிலெவிட்ஸ், ரஃபேல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி, அமித் சஹாய் ஆகிய நால்வரும் முறையாக எழுப்பினார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் கிரிப்டோகிராஃபிக் சென்சிங். சில வகைப் பொருள்களுக்கு முடியும், சில வகைகளுக்கு முடியாது என்று இரண்டு பக்கமும் முடிவுகள் கொடுத்தார்கள். அவர்களுடைய நிரூபணங்களுக்குள் நான் போகப்போவதில்லை. அதைவிட நாற்பது வருடம் பழைய இரண்டு குறியாக்க முறைகளை வைத்தே இதன் கருவைப் பிடித்துவிடலாம். கீழே வரும் உதாரணங்கள் அந்தப் பழைய முறைகளிலிருந்து நான் கட்டியவை.

முதலில் ஆட்ட விதிகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேடிக்கை பார்ப்பவருக்கு எல்லாக் கேள்வியும் எல்லாப் பதிலும் அப்படியே தெரியும். நாம் எந்த முறையைப் பயன்படுத்துகிறோம் என்பதும் தெரியும். முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பாதகம் இருக்கக்கூடாது, சாவி மட்டுமே ரகசியம் என்று ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883-இலேயே சொல்லிவிட்டார். அது இன்றும் இந்தத் துறையின் அடிப்படை ஒழுக்கம். வேடிக்கை பார்ப்பவருக்கு இல்லாத ஒரே உரிமை, தானே போய்ப் பொருளிடம் புதுக் கேள்வி கேட்பது. பார்க்கலாம், தொடக்கூடாது.

இதைக் கேட்டவுடன் நடக்காத காரியம் என்றுதான் தோன்றும். கேள்வி பதிலை வைத்து எனக்கு விடை கிடைக்கிறது என்றால், அந்த விடை அதே காகிதத்தில்தானே இருக்கிறது? இந்தச் சந்தேகம் பாதி சரி. எல்லையற்ற நேரம் உள்ள ஒருவர், இருக்கக்கூடிய எல்லாப் பொருள்களையும் ஒவ்வொன்றாக முயன்று, எது இந்தப் பதில்களைத் தரும் என்று பார்த்துவிடலாம். அவரை இந்த ஆட்டத்தில் தோற்கடிக்க முடியாது. நமக்கு இருக்கும் ஒரே இடைவெளி நேரம். நமக்கு ஒரு நொடியில் முடிவது அவருக்குப் பல கோடி ஆண்டுகள் ஆகவேண்டும். வங்கிச் செயலி முதல் எல்லாப் பூட்டுகளும் இப்படிப்பட்ட இடைவெளியில்தான் நிற்கின்றன.

ஐந்து பை, ஒரே எடை

நகரத்பேட்டையில் தங்கம், வெள்ளி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தமிழ் மாமா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பட்டறைகளிலிருந்து ஐந்து பை வெள்ளிக் காசுகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு காசும் 10 கிராம் இருக்கவேண்டும். ஏமாற்றும் பட்டறையின் காசுகள் எல்லாமே 9 கிராம். எந்தெந்தப் பட்டறை ஏமாற்றியது என்று தெரியவேண்டும். எத்தனை பேர் ஏமாற்றினார்கள் என்பதும் தெரியாது.

இதில் பழைய புதிர் ஒன்று ஒளிந்திருக்கிறது. முதல் பையிலிருந்து 1 காசு, அடுத்ததிலிருந்து 2, பிறகு 4, 8, 16 என்று எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வையுங்கள். மொத்தம் 31 காசு, 310 கிராம் காட்டவேண்டும். 10 கிராம் குறைந்தால், 10 என்பது 8 கூட்டல் 2. ஆக, நான்காவது பையும் இரண்டாவது பையும் மோசடி. வேறு எந்தச் சேர்க்கையிலும் 10 வராது. ஒரே எடையில் ஐந்து விடையும் கிடைத்துவிட்டது.

ஆனால் கடையில் ஐந்து பட்டறைகளுக்கும் பொதுவான தரகர் நின்றுகொண்டிருக்கிறார். எத்தனை காசு எடுத்தோம் என்று எண்ணுகிறார், தராசின் எண்ணையும் பார்க்கிறார். அவருக்கும் அதே நொடியில் விடை தெரிந்துவிடும். மாமாவுக்கோ, பேரம் முடியும்வரை யார் மாட்டிக்கொண்டார்கள் என்று வெளியே தெரியக்கூடாது.

இப்போது மாமா இரவே ஒரு தாளில் வேறு எண்களை எழுதி வைத்துக்கொள்கிறார்: 1, 3, 5, 11, 23. இவற்றில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் தனக்கு முன்னால் உள்ளவை எல்லாம் சேர்ந்ததைவிடப் பெரியது. இப்படிப்பட்ட வரிசையில், ஒரு கூட்டுத்தொகையைக் கொடுத்தால் எவையெவை சேர்ந்தன என்று பெரிய எண்ணிலிருந்து இறங்கி வந்தே சொல்லிவிடலாம். இந்த ஒழுங்கைக் கலைக்க அவர் இரண்டு ரகசிய எண்களை எடுத்துக்கொள்கிறார்: 20, 47. ஒவ்வொரு எண்ணையும் 20-ஆல் பெருக்கி, 47-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறார். 1 என்பது 20 ஆகிறது. 3 என்பது 60, மீதி 13. அப்படியே 5-க்கு 6, 11-க்கு 32, 23-க்கு 37.

காலையில் கடையில் எல்லார் முன்னாலும் பைகளிலிருந்து முறையே 20, 13, 6, 32, 37 காசுகள் எடுத்துத் தராசில் வைக்கிறார். 108 காசு, 1,080 கிராம் இருக்கவேண்டும். தராசு 1,035 காட்டுகிறது. 45 கிராம் குறைவு.

"மாமா, எண்ணிக்கையும் எல்லாருக்கும் தெரியுது, எடையும் தெரியுது. அப்புறம் இதுல என்ன ரகசியம்?" என்கிறான் மருமகன்.

"மாப்ள, 45-ஐ நாற்பதால பெருக்கி நாற்பத்தேழால வகு. மீதி என்ன?"

45 பெருக்கல் 40 என்பது 1,800. மீதி 14. பழைய வரிசைக்குத் திரும்புங்கள். 14-இல் 23 அடங்காது. 11 அடங்கும், மீதம் 3. அதில் 5 அடங்காது, 3 அடங்கும், மீதம் எதுவுமில்லை. 11 என்பது நான்காவது பை, 3 என்பது இரண்டாவது. இந்த 40 எங்கிருந்து வந்தது? 20-ஐ 40-ஆல் பெருக்கினால் 800. அதை 47-ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது 20-ஆல் செய்த கலக்கலை 40 அப்படியே அவிழ்த்துவிடும். நீங்களும் முயன்று பார்க்கலாம். 76 கிராம் குறைந்திருந்தால் எந்தப் பைகள்? நான்காவதைத் தவிர மற்ற எல்லாம் என்று வரவேண்டும்.

தரகரின் நிலை என்ன? 20, 13, 6, 32, 37 ஆகியவற்றில் எவற்றைக் கூட்டினால் 45 என்று தேடவேண்டும். ஐந்து பைக்கு 32 சேர்க்கைகள்தான், டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார். நூறு பை என்றால் சேர்க்கைகளின் எண்ணிக்கை 31 இலக்க எண். ஒவ்வொன்றாக முயல்வது எந்தக் கணினிக்கும் ஆகாது. மாமாவுக்கோ அப்போதும் ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், நூறு கழித்தல். கேள்வி அதேதான், பதிலும் அதேதான். ஆனால் ஒருவருக்கு அது வரிசை, இன்னொருவருக்கு அது குப்பை.

இந்தக் கணக்கு ரால்ஃப் மெர்க்கிள், மார்ட்டின் ஹெல்மன் இருவரும் 1978-இல் வெளியிட்ட குறியாக்க முறை. அவர்கள் செய்தி அனுப்பச் செய்ததை நான் எடை போடத் திருப்பியிருக்கிறேன், வேறொன்றும் இல்லை. ஆனால் இதை நம்பி வியாபாரம் செய்துவிடாதீர்கள். 1982-இல் அடி ஷமீர் இதை உடைத்துவிட்டார். எல்லாச் சேர்க்கையையும் முயலாமலே, கலக்கிய எண்களுக்குள் அந்த ஒழுங்கின் தடயம் மிச்சம் இருப்பதைப் பிடித்துவிடலாம் என்று காட்டினார். ஒரு பெருக்கல் மட்டும் போட்டுக் கலைத்தது போதவில்லை.

உடைபடாமல் இருந்திருந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் முந்தையவற்றின் மொத்தத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்றால் எண்கள் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய இரட்டிக்கும். நூறு பை இருந்தால், கலக்குவதற்கு முன்பே கடைசிப் பையிலிருந்து எடுக்கவேண்டிய காசுகள் சுமார் ஆயிரம் பூமிகளின் எடை வரும். கூடவே அந்தக் குவியலில் ஒரு கிராம் குறைவதைக் காட்டும் தராசும் வேண்டும். காகிதத்தில் பெரிய எண் எழுத மை மட்டும் போதும், பொருளை அளக்கும்போது ஒவ்வொரு இலக்கத்துக்கும் துல்லியம் என்ற விலை கொடுக்கவேண்டும். குறியாக்கப் புத்தகங்களில் இந்தக் கவலையே வராது.

தப்பான பதில் நல்லது

ஆகவே ஒரே பிரம்மாண்ட அளவீட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன அளவீடுகள் பலவற்றுக்குப் போவோம். பொருள் என்பது 0, 1 என்ற இலக்கங்களின் ஒரு வரிசை என்று வையுங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் சில இடங்களைக் குறிப்பிட்டு, "இந்த இடங்களில் உள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?" என்று மட்டும் கேட்கிறோம். பதில் ஒரே ஒரு இலக்கம்.

பொருள் எப்போதும் சரியாகப் பதில் சொன்னால் நாம் தோற்றோம். என்ன தந்திரமாகக் கேள்வி கேட்டாலும் சரி. ஏனென்றால் இது பள்ளியில் போட்ட ஒருங்கமை சமன்பாடுதான். நூறு தெரியாத எண்கள், நூறு சமன்பாடுகள், ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால் மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் விடை சொல்லும். நமக்கு விடை கிடைக்கும் அளவுக்குக் கேள்விகள் இருந்தால் வேடிக்கை பார்ப்பவருக்கும் அதே வழியில் கிடைக்கும். இங்கே ரகசியம் ஒளிய இடமே கிடையாது.

ஆனால் எந்தக் கருவியும் அவ்வளவு சுத்தமாக அளப்பதில்லை. இரைச்சல் இருக்கும், அதாவது தற்செயலாக நுழையும் பிழை. பத்துக்கு ஒரு பதில் தப்பு என்று வைத்துக்கொள்வோம், எது தப்பு என்று யாருக்கும் தெரியாது. இப்போது வேடிக்கை பார்ப்பவரின் அந்த வழி சறுக்கும். ஒரே ஒரு தப்பான சமன்பாடு கலந்தாலும் விடை முழுதும் கெட்டுவிடும். நூறு சமன்பாடுகளைப் பொறுக்கி, அவை அத்தனையும் சரியாக இருக்கும் வாய்ப்பு என்ன? 0.9-ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள்: சுமார் 38,000-இல் ஒன்று. அதைக்கூடக் கணினி சமாளித்துவிடும், 38,000 தடவை பொறுக்கினால் ஆயிற்று. தெரியாத எண்கள் ஆயிரம் என்றால்? பொறுக்கும் தடவைகள் 46 இலக்க எண்ணுக்குப் போய்விடும். இதைவிடச் சாமர்த்தியமான வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆனால் அவையும் எண்ணிக்கை ஏற ஏற மூச்சு வாங்குகின்றன. இரைச்சலுள்ள ஒற்றை–இரட்டைக் கணக்கு கடினம் என்ற நம்பிக்கையின் மேல் 1993 முதலே குறியாக்க முறைகள் கட்டிவருகிறார்கள்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது. கருவி செய்பவர்கள் வாழ்நாள் முழுக்க இரைச்சலோடு சண்டை போடுகிறார்கள். இங்கே அதே இரைச்சல் இல்லாவிட்டால் மறைவே இல்லை.

ஆனால் ஒரு நிமிடம், அந்த இரைச்சல் நமக்கும்தானே? நாம் மட்டும் எப்படி விடை காண்பது? ஒவ்வொரு கேள்வியையும் ஐம்பது தடவை கேட்டுப் பெரும்பான்மைப் பதிலை எடுக்கலாம், ஆனால் பக்கத்தில் நிற்பவரும் அதையே செய்வார். நமக்கு மட்டும் தெரிந்த ஒழுங்கு கேள்விகளுக்குள் புதைந்திருக்கவேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் கேள்விகள் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல் இருக்கவேண்டும்.

அதே 1978-இல், ராபர்ட் மெக்கலீஸ் இதற்கான வழியைக் கொடுத்துவிட்டார். அவரும் செய்தி அனுப்பவே செய்தார். தகவல் தொடர்பில் பிழை திருத்தும் குறிமுறைகள் என்று ஒரு வகை உண்டு. செய்தியோடு கூடுதல் இலக்கங்களைக் கட்டுப்பாடான முறையில் சேர்த்து அனுப்பினால், வழியில் சில இலக்கங்கள் கெட்டாலும் மீட்டுவிடலாம். தொலைவில் உள்ள விண்கலத்தின் செய்தி நம்மிடம் உருப்படியாக வந்து சேர்வது இதனால்தான். மெக்கலீஸ் அப்படி ஒரு நல்ல குறிமுறையை எடுத்து, வரிசைகளை ஒன்றோடொன்று கலந்து, இடங்களை மாற்றிப் போட்டு, அதன் முகமே தெரியாதபடி செய்தார். கலந்த விதம் தெரிந்தவர் பின்னோக்கிப் பிரித்து, பிழைகளைத் திருத்தி, செய்தியை எடுத்துவிடுவார். தெரியாதவருக்கு அது இரைச்சலுள்ள ஒழுங்கற்ற சமன்பாடுகள்.

அவர் முதலில் சொன்ன அளவுகளை நம் மொழிக்கு மாற்றினால், 524 இலக்கம் கொண்ட பொருள், 1,024 கேள்விகள், அவற்றில் 50 பதில்கள் வரை தப்பாக இருக்கலாம். நமக்கு அந்த 50-ஐயும் திருத்தத் தெரியும். மெர்க்கிள்–ஹெல்மன் நாலு வருடத்தில் விழுந்தது, இது விழவில்லை. 2008-இல் பெர்ன்ஸ்டைன், லாங்கே, பீட்டர்ஸ் மூவரும் அந்தப் பழைய அளவுகள் இன்றைய கணினிகளுக்குச் சிறியவை என்று உடைத்தே காட்டினார்கள். ஆனால் அளவைக் கூட்டினால் முறை அப்படியே நிற்கிறது. இன்று முன்வைக்கப்படும் சிறிய வடிவத்தில் 3,488 கேள்விகளும் 64 பிழைகளும் வரும்.

பூட்டுக்குள் இருக்கும் ஓட்டைகள்

இதையெல்லாம் நிஜ அளவீட்டுக்குக் கொண்டுவரும்போது சில பொறிகள் இருக்கின்றன. முதலாவது, ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம்: சந்தேகமாக இருந்தால் இன்னொரு தடவை அளந்து பார். இங்கே அது ஆபத்து. அதே பொருளிடம் அதே கேள்விகளை இரண்டாம் தடவை கேட்டால், இரைச்சல் புதிதாக வேறு இடங்களில் விழும். இரண்டு பதில் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, எங்கே மாறுகிறதோ அங்கேதான் பிழை என்று தெரிந்துவிடும். அந்த இடங்களை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்துச் சமன்பாட்டைப் போட்டுவிடுவார். மெக்கலீஸ் முறையில் ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பினால் இப்படி ஆகும் என்று தாமஸ் பெர்சன் 1997-இல் எழுதினார். ரகசியமாக அளப்பவர், வேண்டிய துல்லியத்தை முதல் தடவையிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, இரைச்சல் எங்கே பிறக்கிறது என்பது முக்கியம். பொருளே தடுமாறிப் பதில் சொன்னால் எல்லாருக்கும் ஒரே தப்புதான் கேட்கும். நம் கருவியின் காது மந்தம் என்பதால் தப்பு வந்திருந்தால்? பக்கத்தில் நிற்பவர் நம்மைவிட நல்ல கருவி வைத்திருந்தால் அவருக்குச் சுத்தமான பதில் கிடைத்துவிடும், நம் மறைவு அதோடு போயிற்று.

மூன்றாவதை எந்தக் கணிதத்தாலும் சரிக்கட்ட முடியாது. பொருளைப் பற்றி முன்னமே நிறையத் தெரிந்திருந்தால், ஊகித்துச் சரிபார்க்கலாம். "இந்த ஆளுக்கு நோய் உண்டா இல்லையா" என்ற இரண்டே சாத்தியங்கள் என்றால், வேடிக்கை பார்ப்பவர் இரண்டையும் கேள்விகளில் போட்டுப் பார்ப்பார். எது பதில்களோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதுதான் விடை. கேள்வியும் பதிலும் வெளிப்படை என்பதால் இந்தச் சோதனையை அவரிடமிருந்து பறிக்க வழியே இல்லை. எனவே இந்த முறை காப்பாற்றுவது, சாத்தியங்கள் எண்ணி மாளாத பொருள்களை மட்டும். ஒரு நீண்ட மரபணு வரிசையின் தெரியாத பகுதி, ஒரு சிக்கலான உள்ளமைப்பு, இப்படி. ஆமா இல்லை என்ற விடைக்கு இது உதவாது. மருத்துவப் பரிசோதனையின் அந்தரங்கத்தை இதை வைத்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால், எத்தனை சாத்தியங்கள் என்று முதலில் கேளுங்கள்.

கற்பதையும் மறைக்கலாமா?

அளவீட்டிலிருந்து கற்றலுக்குப் போவது ஒரு சின்னத் தாவல்தான். தெரியாத விதி ஒன்று இருக்கிறது. நாம் ஒரு உதாரணத்தைக் காட்டினால் அது இன்ன வகை என்று ஒரு முத்திரை குத்திக் கொடுக்கிறது. இப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்பதை டேனா ஆங்க்லுயின் 1988-இல் விரிவாக ஆராய்ந்தார். கணினி உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் இயந்திரக் கற்றலில் நடப்பதும் இதுதான். ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான உதாரணங்களை வெளியே அனுப்பி முத்திரை குத்தி வாங்குகிறது. அந்த உதாரணங்களும் முத்திரைகளும் பல கைகள் மாறுகின்றன. வழியில் ஒருவர் அத்தனையையும் நகல் எடுத்துவைத்தால், அவரும் அதே கணினி மாதிரியை (மாடலை) பயிற்றுவித்துக்கொள்ளலாம்.

இங்கேயும் கேள்வி அதேதான். நகல் எடுத்தவருக்கு ஒன்றும் விளங்காதபடியும், ஏன் இந்த உதாரணங்களை எடுத்தோம் என்று தெரிந்த நமக்கு மட்டும் விதி விளங்கும்படியும் உதாரணங்களைச் செதுக்க முடியுமா? ஒற்றை–இரட்டை விதிகளுக்கு முடியும் என்று மேலே பார்த்தோம். அங்கே இடங்களின் பட்டியல்தான் உதாரணம், ஒற்றை அல்லது இரட்டை என்பது முத்திரை.

பூனைப் படம், நாய்ப் படம் போன்றவற்றுக்கு? என் கணிப்பில் இது அங்கே நேராகப் பொருந்தாது. சாதாரணப் படங்களைப் பார்த்துச் சாதாரணமாகக் கற்றுக்கொள்ளும் விதி என்றால், பார்க்கிற எல்லாரும் கற்றுக்கொள்வார்கள். மறைவு வேண்டுமென்றால் கேள்விகள் விசித்திரமாக இருந்தாகவேண்டும். விசித்திரமான படத்தைப் பார்த்தால் முத்திரை குத்துபவரே குழம்பிவிடுவார், அந்தக் குழப்பம் நமக்கு வேண்டிய ஒழுங்கான இரைச்சலாக இருக்காது. கணித வடிவம் தெளிவாக உள்ள விதிகளில்தான் இது வேலை செய்யும்.

எதிர்ப்பக்கம் ஒத்துழைக்கக்கூடிய கணினியாக இருந்தால் இவ்வளவு சிரமமே வேண்டாம். பாஸ்கல் பையே 1999-இல் கொடுத்த முறையில், பூட்டிய எண்களைப் பூட்டியபடியே கூட்டலாம். கிரெய்க் ஜென்ட்ரி 2009-இல், பூட்டியபடியே எந்தக் கணக்கையும் போடலாம் என்று காட்டினார். பல தொலைபேசிகள் தங்கள் தரவை வெளியே விடாமல் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மாதிரியைப் பயிற்றுவிப்பதும் நடைமுறையில் வந்துவிட்டது. அவற்றில் எல்லாம் பதில் சொல்பவர் ஒரு கணக்குப் போட்டுத் தருகிறார். கல்லும் நீரும் திசுவும் அப்படிப் போட்டுத் தராது. அதனால்தான் கேள்விகளிலேயே எல்லாத் தந்திரத்தையும் அடக்கவேண்டியிருக்கிறது.

சரி, நிஜப் பொருள் எதுவாவது "ஒற்றையா இரட்டையா" என்று பதில் சொல்லுமா? எடையும் ஒளியும் சாதாரணமாகக் கூடிக்கொண்டே போகும் அளவுகள். அங்கே சின்ன இரைச்சல் இருந்தாலும், சராசரியாகப் பொருந்தும் விடையை யாரும் கண்டுபிடித்துவிடலாம். 1805-இல் லெஜாந்தர் வெளியிட்ட குறைந்தபட்ச வர்க்க முறைக்கு அதுதான் வேலை. மறைவு வருவதற்கு, எண் ஒரு எல்லையைத் தாண்டியதும் மீண்டும் முதலிலிருந்து சுற்றவேண்டும், மாமாவின் கணக்கில் 47-ஐத் தாண்டியதும் சுற்றியது போல. அந்தச் சுற்றலும் இரைச்சலும் சேர்ந்தால்தான் சமன்பாடு கடினமாகிறது. ஓடெட் ரெகெவ் 2005-இல் முன்வைத்த கடினக் கணக்கும் இந்த இரண்டின் சேர்க்கைதான். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினிகளுக்கும் தாக்குப்பிடிக்க 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய குறியாக்கத் தரம் அதன் வழித்தோன்றல்.

இயற்கையில் இப்படிச் சுற்றும் அளவு ஒன்று இருக்கிறது: அலையின் கட்டம், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. அலை ஒரு முழுச் சுற்று முடித்ததும் கட்டம் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோள் நிலத்தின் அசைவை அளப்பது இதை வைத்துத்தான். அதன் எல் பேண்ட் ரேடாரின் அலைநீளம் சுமார் 24 சென்டிமீட்டர். அலை போய்த் திரும்புவதால், நிலம் செயற்கைக்கோளை நோக்கி 12 சென்டிமீட்டர் நகர்ந்தால் கட்டம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நகராதது போலவே காட்டும். எத்தனை முழுச் சுற்று விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பது அந்தத் துறையில் தனி வேலை, அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. நிசாரின் தரவு எல்லாருக்கும் இலவசம், அங்கே யாரும் எதையும் மறைக்கப்போவதில்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும் என்பதால், விட்டுப்போன சுற்றுகளைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் முடிகிற காரியம்தான். வேண்டுமென்றே ரகசியமாக அளக்க நினைப்பவர், பக்கத்துப் புள்ளியைப் பார்த்து ஊகிக்க முடியாதபடி தன் அலைகளைக் கலந்து அனுப்பவேண்டியிருக்கும்.